பேர் போடாத சீட்டுகள்

பிப்ரவரி 2

அக்கா,

கவர் மேல என் எழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாத. கிழிக்கறதா இருந்தாலும் படிச்சிட்டுக் கிழி. போன வாரம் மூணு தடவை போன் பண்ணினேன். மூணு தடவையும் மணி அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. நீ பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்திருப்ப, எனக்குத் தெரியாதா உன்னை?

அம்மா போய் அஞ்சு வருஷம் ஆச்சு. "பெத்தவளுக்காக ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி வேண்டிக்கத் தெரியாதவ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்"னு சொன்ன. நானும் ஏறல. உனக்கும் வீம்பு, எனக்கும் வீம்பு. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, வேற எப்படி இருக்கும்.

விஷயத்துக்கு வர்றேன். நான் இப்போ யார்கிட்ட வேலை செய்யறேன்னு உன் காதுக்கு வந்திருக்கும். உங்க தொகுதியில நிக்கறாரே, அவர்கிட்டதான். அவர் மேடையில பேசறது, நோட்டீஸ்ல வர்றது எல்லாம் என் கை எழுதறது. நல்ல மனுஷன் அக்கா. ஆஸ்பத்திரி கட்டறேன்னு சொன்னா கட்டுவார். ஆனா எதிராளி ஒரே ஒரு பேச்சை ஊரெல்லாம் பரப்பி விட்டுட்டான்: 'அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.' அவ்வளவுதான். ஆஸ்பத்திரியும் போச்சு, ரோடும் போச்சு. போற இடமெல்லாம் ஜனங்க அவர் என்ன சொல்றார்னு கேக்கறதே இல்ல, கண்ணை மூடி வேண்டறாரான்னு மட்டும்தான் பார்க்கறாங்க.

அதனால அவர் ஒண்ணு நினைச்சிருக்கார். ஜனங்க கடவுள்கிட்ட என்னதான் கேக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணும், தினமும் காலையில அதை வச்சு அவங்களுக்காக வேண்டிக்கணும்னு. உங்க பிரார்த்தனைக் கூடத்துல அந்த மரப்பெட்டி இன்னும் இருக்கில்ல? ஜனங்க பேர் போடாம எழுதிப் போடுவாங்களே, வேண்டுதல் சீட்டு? ஒரு மாசத்துச் சீட்டை எனக்கு அனுப்ப முடியுமா? பேர்தான் இல்லையே, யாருக்கும் ஒரு குறையும் வராது.

எனக்கும் அதையெல்லாம் படிக்கணும்போல இருக்கு அக்கா. ஏன்னு கேக்காத.

சின்னவ

~

பிப்ரவரி 8

சின்னவளுக்கு,

கிழிக்கல. நாலு தடவை படிச்சேன். வகுப்புல பிள்ளைங்களை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிட்டு, மேசைக்கு அடியில வச்சுக்கிட்டு அஞ்சாவது தடவையும் படிச்சேன். முன் பெஞ்சு வாண்டு ஒண்ணு எழுந்து, "டீச்சர், நீங்க மட்டும் கதைப் புத்தகம் படிக்கலாமா?"ன்னு கேட்டுது.

போன் மணி அடிச்சப்போ நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். எடுத்தா நீ பேசியே என்னைச் சாய்ச்சுடுவ. பாவாடை கட்டின நாள்ல இருந்து அதுதானே நடக்குது. எழுத்துன்னா நான் கொஞ்சம் நிதானமா நிக்கலாம்.

ஏன்னு கேக்காதன்னு எழுதியிருக்க. கேக்கல. ஆனா அந்த ஒரு வரியைப் படிச்சிட்டு அழுதேன், அதை மட்டும் சொல்லிடறேன். அஞ்சு வருஷமா அந்தப் பெட்டியில நானும் ஒரு சீட்டு போட்டுக்கிட்டு வர்றேன்டி. மாசம் தவறாம. 'என் தங்கச்சி திரும்பி வரணும்.' நானே எழுதி, நானே பெட்டியைத் திறந்து, நானே வாசிச்சு, நானே வேண்டிக்கறது. கூட இருக்கறவங்க ரெண்டு பேரும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருப்பாங்க, பாவம்.

பெட்டியோட முறை உனக்கு மறந்து போயிருக்கும். மாசத்து முதல் சனிக்கிழமை நாங்க மூணு பேர் திறப்போம். நான், மருந்துக்கடைக்காரம்மா, தபால்காரர் மனைவி. ஒவ்வொரு சீட்டா மெதுவா வாசிப்போம், வேண்டிக்குவோம். அப்புறம் எல்லாத்தையும் ஒரு வாளித் தண்ணியில போட்டு, எழுத்து தெரியாம கையால பிசைஞ்சு கூழாக்கிடுவோம். வாசிச்சது வாசலைத் தாண்டக் கூடாது. அம்மா காலத்துல இருந்து இதுதான். இந்தத் தடவை நான் மீறிட்டேன். "நான் வீட்டுக்குக் கொண்டு போய்க் கரைச்சுடறேன்"னு அவங்ககிட்ட பொய் சொல்லி எடுத்துட்டு வந்தேன். உனக்காக.

நாப்பத்தியொரு சீட்டு இதோட இருக்கு. பேர் இல்லதான். ஆனா எனக்கு எதுக்குப் பேர்? முப்பது வருஷமா இந்த ஊருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவ நான். பாதிப் பேர் கையெழுத்து என் கையில இருந்து போனது. தையல்காரம்மாகூட கல்யாணமாகி வந்தப்புறம் என் வீட்டு வராந்தாவுல உக்காந்துதான் எழுதப் பழகினா. அதனால ஒவ்வொரு சீட்டு ஓரத்துலயும் அது எந்த வீடுன்னு பென்சில்ல குறிச்சிருக்கேன். உங்க ஆளு வேண்டறதுன்னா யாருக்குன்னு தெரிஞ்சு வேண்டட்டுமே. விலாசம் இல்லாத கடுதாசி போய்ச் சேருமா?

நீயும் படி. அவசரப்படாம ஒவ்வொண்ணாப் படி.

அக்கா

~

பிப்ரவரி 17

அக்கா,

சீட்டெல்லாம் வந்துடுச்சு. பென்சில் குறிப்பை நான் எதிர்பார்க்கல. அழிச்சுடலாம்னு ரப்பரைக் கையில எடுத்தேன். அப்புறம் கீழே வச்சுட்டேன்.

அவர் படிச்சார். முதல்ல போட்டோக்காரரை வச்சுக்கிட்டு, மண்டி போட்டு, சீட்டெல்லாம் முன்னாடி பரப்பி வச்சு. அந்தப் படத்தை நீயும் சுவர்ல பார்த்திருப்ப. அது நான் போட்ட திட்டம்தான், மறைக்கல. ஆனா சாயங்காலம் கார்ல வர்றப்போ, யாரும் கேக்காமலே ரெண்டு சீட்டை எடுத்து மறுபடி படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார். நடிப்பா நிஜமான்னு எனக்குத் தெரியல. அவருக்கே தெரியுமான்னும் தெரியல.

நான் படிச்சேனான்னு கேப்ப. பாதி படிச்சேன். அதுக்குள்ள நாலு போன், ரெண்டு மீட்டிங். மீதியை ஆபீஸ்ல வீட்டுவாரியா அடுக்கி எடுத்துட்டுப் போயிட்டாங்க. படிக்கறேன் அக்கா, படிக்காம எங்க போறேன்.

உன் சீட்டைத் தேடினேன். அது அதுல இல்லையே?

இந்த மாசக் கடைசியில அவர் உங்க ஊருக்கு வர்றார். என்னால வர முடியாது, தலைமை ஆபீஸ்ல கழுத்து வரைக்கும் வேலை. நீ போய்ப் பாரு. உனக்குப் பிடிக்கும்.

சின்னவ

~

மார்ச் 1

சின்னவளே,

என் சீட்டு எதுக்கு? உன் கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டு அதை எதுக்கு அனுப்பணும்? எடுத்து வாளியில போட்டுட்டேன்.

உங்க ஆளு வந்தார், போனார். ஊரே சொக்கிப் போய்க் கிடக்கு. ரொட்டிக்கடைக்குள்ள நுழைஞ்சார். கடைக்காரர் கையில சூடான தட்டு. இவர் தோள்ல கை போட்டு, "உங்க பொண்ணு இந்தத் தடவை பரீட்சையில தேறிடும், நான் வேண்டிக்கிட்டிருக்கேன்"ன்னார். கடைக்காரருக்குத் தட்டு கை நழுவிடுச்சு. பொண்டாட்டிகிட்டகூட அவர் அதைப் பத்திப் பேசினதில்ல. அடுத்த வீட்டுல கிழவருக்குக் கண் ஆபரேஷன், அதுக்கு அடுத்த வீட்டுல காணாமப் போன தம்பி. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு புட்டுப் புட்டு வச்சார். சாயங்காலத்துக்குள்ள 'அவருக்கு அருள் இருக்கு'ன்னு பேச்சு கிளம்பிடுச்சு. 'கடவுளே அவர் காதுல சொல்றார்'ங்கறாங்க.

கடவுள் சொல்லல, டீச்சர் சொன்னான்னு நான் யார்கிட்ட சொல்றது?

மருந்துக்கடைக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் ஏதோ பராக்குப் பார்க்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். அம்பத்தெட்டு வயசுல எனக்கு இது தேவையா?

எனக்கு இது சரியாப் படலடி. வேண்டிக்குவார்னுதானே எழுதின? வீட்டு வாசல்ல நின்னு சொல்லிக் காட்டுவார்னு எழுதலையே. இதோட போகட்டும். மிச்ச சீட்டையெல்லாம் கரைச்சுடு. ஒரு வாளியும் தண்ணியும் உங்க ஆபீஸ்லயும் இருக்குமில்ல?

நீ எப்போ வர்ற? அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே.

அக்கா

~

மார்ச் 14

சின்னவளே,

உன் பதிலுக்குக் காத்திருக்காம எழுதறேன்.

நேத்து உங்க ஆளுங்க வீடு வீடா வந்தாங்க. சீட்டு எழுதின ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை. வழுவழுன்னு, ஓரத்துல தங்கக் கலர். உள்ளே அவர் மண்டி போட்ட படம். 'உங்கள் வேண்டுதல் என் கைகளில் இருந்தது. உங்களுக்காக நான் மண்டியிட்டேன்.' அதுக்குக் கீழே அந்த வீட்டுச் சீட்டையே, அசல் சீட்டையே, பின் அடிச்சு வச்சிருக்கீங்க. என் பென்சில் குறிப்போட.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒருத்தராவது படிச்சீங்களா?

தையல்காரம்மா வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வண்டி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்ல. கட்டிலோட கிடக்கார். ஆனா வாய் படுக்கல. பழைய லாரி ஆரனைக் கட்டில் சட்டத்துல கட்டி வச்சிருக்கார். தண்ணி வேணும்னா ஒரு தடவை, புரட்டிப் படுக்க வைக்கணும்னா ரெண்டு தடவை, சும்மா அவளைக் கடுப்பேத்தணும்னா விடாம. "ஏய், ஆரன் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு, வழி விடுறியா இல்லையா?"ன்னு கத்துவார். அவ மெஷினை மிதிச்சுக்கிட்டே, "லைசென்ஸ் இல்லாத வண்டிக்கெல்லாம் வழி கிடையாது"ம்பா. தெருவே சிரிக்கும்.

ஜனவரியில அவருக்கு முதுகுல புண் வச்சு, ஜுரம் வந்து, பத்து நாள் வலியில துடிச்சார். "என்னைக் கொன்னுடு"ன்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினார். அந்தப் பத்து நாள்ல ஒரு நாள் அவ ஓடி வந்து பெட்டியில போட்ட சீட்டு அது. 'கடவுளே, இவரைச் சீக்கிரம் எடுத்துக்கோ. என்னால முடியல.' ரெண்டே வரி. அப்புறம் ஜுரம் இறங்கிடுச்சு. ஆரன் மறுபடி அடிக்க ஆரம்பிச்சுது. எழுதினதையே அவ மறந்திருப்பா. அதைக் கரைக்காம வச்சிருந்தது நான்.

நேத்து அவ தைச்ச துணி குடுக்க வெளிய போயிருந்தப்போ, அட்டையை அவர் கையில குடுத்துட்டுப் போயிருக்கான் அட்டை கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தன்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். செருப்பைக் கூட மாத்திப் போட்டுக்கிட்டு. கட்டில் பக்கத்துல போய் நின்னேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கிட்டுச் சொன்னார்: "மை எழுத்து யாருதுன்னும் தெரியுது டீச்சர், பென்சில் எழுத்து யாருதுன்னும் தெரியுது. எழுத்து நல்லாவே சொல்லிக் குடுத்திருக்கீங்க. ஒரு பிழை இல்ல."

ஜனவரி, ஜுரம்னு என்னவோ உளறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவகிட்ட சொல்லிடாதீங்க. நான் படிச்சேன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவா." அட்டையைத் தலைகாணிக்குக் கீழே சொருகிக்கிட்டார். அவ உள்ளே வந்தா. "என்ன டீச்சர், மகாராஜா சத்தமே காணோம்?"னு சிரிச்சா. அவர், "உனக்கு எதுக்கும்மா சிரமம்"னார். அவளை அவர் அப்படி மரியாதையாப் பேசி நான் கேட்டதே இல்ல. அவளும் கேட்டதில்ல போல, அப்படியே நின்னுட்டா.

வேலியே பயிரை மேஞ்சுடுச்சு. வேலி நான்தான்.

அக்கா

~

மார்ச் 17

அக்கா,

படிச்சேன். ரொம்ப வருத்தமா இருக்கு. நிஜமாவே.

அட்டை அனுப்பினது அச்சுப் பிரிவு. வாசகம் என்னுது. சீட்டைப் பின் அடிச்சு அனுப்பணும்னு நான் சொல்லல, ஆனா வேண்டாம்னும் சொல்லல. யாரோ சொன்னாங்க, 'அசல் சீட்டு இருந்தா ஜனங்க கண் கலங்குவாங்க'ன்னு. எனக்கும் நல்ல யோசனையாப் பட்டுது. நாப்பத்தியொரு வீடு, நாப்பத்தியொரு சீட்டு, மேலே வீட்டுப் பேர். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யாருக்கும் பார்க்க நேரமில்ல. நடந்தது அதுதான்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வீட்டைக் குறிச்சது நான் இல்ல. பேர் இல்லாம அனுப்புன்னுதான் எழுதினேன். நீ குறிக்காம இருந்திருந்தா அந்த அட்டை எந்த வீட்டுக்கும் போயிருக்காது.

செய்ய வேண்டியதைப் பார்ப்போம். அவர் கையெழுத்துலயே அந்த வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் அனுப்ப ஏற்பாடு பண்றேன், 'தவறுதலாக வேறு வீட்டுச் சீட்டு உங்களுக்கு வந்துவிட்டது'ன்னு. எல்லாம் சரியாயிடும். ஓட்டுப் பதிவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அது வரைக்கும் இது வெளியே போகக் கூடாது. மருந்துக்கடைக்காரம்மாகிட்டயும் வாயைத் திறந்துடாத. போனா அவர் தோத்துடுவார். அந்த ஆஸ்பத்திரி வந்தா இந்த மாதிரி எத்தனை பேருக்கு நல்லதுன்னு யோசிச்சுப் பாரு.

சின்னவ

~

மார்ச் 20

என் தங்கச்சிக்கு,

யோசிச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, இங்கே அப்படிக்கூட இல்ல. பழியும் எனக்கு, பாவமும் எனக்கு. குறிச்சது நான்தான். ஆமாம். அதை நீ எழுதிக் காட்டணும்னு இல்ல.

ஆனா வேற வீட்டுச் சீட்டுன்னு கடிதம் அனுப்பறியா? ஆறு வருஷமா அவருக்கு மருந்து வேளை எழுதி வச்ச சீட்டு, ரேஷன் மாதிரி எண்ணி வச்ச மாத்திரைக் கவர், எல்லாத்துலயும் அவ எழுத்துதான் இருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்காத.

இப்போ அவர் எப்படி இருக்கார்னு சொல்றேன், கேளு. ஆரன் அடிக்கறதில்ல. தாகம் எடுத்தாலும் அவளா வந்து கேக்கற வரைக்கும் சும்மா கிடக்கார். சாப்பாடு பாதிக்கு மேல வேண்டாங்கறார். மாத்திரையை வாயில அடக்கி வச்சிருந்து துப்பிடறார், ஜன்னலுக்கு வெளிய நாலு கிடந்ததை நானே பார்த்தேன். எது செஞ்சாலும் "பரவாயில்லம்மா", "உனக்கு எதுக்குத் தொந்தரவு". அவ என்கிட்ட வந்து அழறா. "திட்டச் சொல்லுங்க டீச்சர், ஒரு தடவை திட்டச் சொல்லுங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?"ங்கறா. நான் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு, "உடம்பு முடியல போல"ன்னேன். எவ்வளவு பெரிய பொய்யின்னு பாரு.

சொல்லிடலாம்னு ரெண்டு தடவை அவங்க வாசல் வரைக்கும் போனேன். ரெண்டு தடவையும் திரும்பிட்டேன். அவர்கிட்ட சொல்ல வாய் வரல, அவகிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டார். இடையில நான் ஒரு மரக்கட்டை.

நீ வா. உனக்குப் பேசத் தெரியும். ஊரையே பேசி மயக்கற உனக்கு ஒரு மனுஷன் பெரிசா? அந்தச் சீட்டு எந்த நாள்ல எழுதினது, என் பைத்தியக்காரத்தனத்தால எங்கே போச்சு, எப்படி அவர் கைக்கு வந்துதுன்னு அவர் பக்கத்துல உக்காந்து சொல்லு. நான் அந்தக் கூடத்தோட ஆள், என்னை அவர் இனிமே நம்ப மாட்டார். நீ சொன்னா கேப்பார். இப்பவே வந்தாத்தான் உண்டு. அவர் நாளுக்கு நாள் இறங்கிக்கிட்டே போறார்.

இன்னொண்ணு. 'எனக்கும் படிக்கணும்போல இருக்கு'ன்னு எழுதினியே. அது நிஜமா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு.

அக்கா

~

மார்ச் 23

அக்கா,

நீ கேட்டதுக்கு நேர்ல பதில் சொல்றேன்.

வர்றேன். ஆனா இப்போ நகர முடியாது. தினமும் மூணு கூட்டம், மூணுக்கும் வேற வேற பேச்சு எழுதணும். இருபத்தொம்பதாம் தேதி ஓட்டு. முப்பதாம் தேதி காலையில முதல் பஸ்ஸுல ஏறிடறேன். நேரா அவங்க வீட்டுக்கே வந்து, நான்தான்னு சொல்லி, எல்லாத்தையும் சொல்றேன். சத்தியமா. ஆறு வருஷம் தாக்குப் பிடிச்சவர், ஒரு வாரம் பிடிக்க மாட்டாரா?

அது வரைக்கும் நீ எப்படியாவது பார்த்துக்கோ.

சின்னவ

~

ஏப்ரல் 18

அக்கா,

முப்பதாம் தேதி நான் வரல. முப்பத்தொண்ணும் வரல. ஓட்டு எண்ணிக்கை, ஜெயிப்பு, ஊர்வலம், பதவியேற்பு உரைன்னு ஒவ்வொண்ணா வந்துது. ஒவ்வொரு நாளும் 'நாளைக்கு'ன்னு சொல்லிக்கிட்டேன். உன் கடுதாசி எதுவும் வராததால, அங்கே எல்லாம் அடங்கிடுச்சுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். நீ எழுதலேன்னா என்ன அர்த்தம்னு எனக்கா தெரியாது?

நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். எப்படின்னு சொல்றேன். என்னை நீ எவ்வளவு திட்டினாலும் இதுக்குப் பத்தாது.

ஜெயிச்சதும் இன்னொரு கார்டு போனது. உங்க ஊர்ல அது நல்லா எடுபட்டுதுன்னு அப்புறம் பத்தொம்பது ஊர்ல பெட்டி வச்சோம். எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் போனது அது. 'உங்கள் வேண்டுதல் நிறைவேறியதா?' ரெண்டு கட்டம், ஆமாம், இல்லை. டிக் போட்டுத் திருப்பி அனுப்பணும், தபால் செலவு எங்களுது. எத்தனை 'ஆமாம்' வந்துதோ அதை நன்றி சொல்ற கூட்டத்துல சொல்லணும்னு திட்டம். அந்த வாசகமும் என்னுதுதான். பிப்ரவரியிலயே எழுதி வச்சுட்டேன்.

நேத்து கார்டுங்களை எண்ணிக்கிட்டிருந்தாங்க. நான் பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு நின்னேன். உங்க ஊர்க் கட்டுல ஒரு கார்டைப் பார்த்ததும், நீதான் எழுதியிருக்கன்னு நினைச்சேன். அதே எழுத்து. மேல விலாசத்தைப் பார்த்தேன், தையல்காரம்மா வீடு. 'ஆமாம்' கட்டத்துல டிக். அதுக்குக் கீழே, 'ஏப்ரல் 2, காலையில்.'

ஆபீஸ் பொறுப்பாளர்கிட்ட அதை எடுத்துடச் சொன்னேன். "டிக் போட்டிருக்காங்கல்ல? அப்புறம் என்ன?"ன்னார். அது 'ஆமாம்' கட்டுல போயிடுச்சு. நாளைக்கு மேடையில சொல்லப் போற எண்ணிக்கையில அவரும் ஒண்ணு.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். நிஜம் இல்ல அக்கா. 'எனக்கும் படிக்கணும்போல இருக்கு'ன்னு எழுதினா நீ மறுக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். மூணு விதமா எழுதிப் பார்த்து, அதைத் தேர்ந்தெடுத்தேன். 'ஏன்னு கேக்காத'ன்னு கூடச் சேர்த்தேன், அப்போதான் நீ அழுவன்னு. இந்தத் தேர்தல்ல நான் எழுதினதுலயே நல்லா வேலை செஞ்ச வரி அதுதான்.

ராஜினாமா எழுதி வச்சிருக்கேன். குடுப்பேனான்னு தெரியல. என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல.

அந்த டிக்கை அவங்க கோவத்துல போட்டாங்களா? என் மூஞ்சியில அடிக்கத்தானே போட்டாங்க? அப்படித்தான்னு சொல்லு. அப்படி இருந்தாக்கூடத் தாங்கிக்குவேன்.

சின்னவ

~

ஏப்ரல் 25

சின்னவளுக்கு,

எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ பொய்யின்னு ஒத்துக்கிட்டதைப் படிச்சப்புறம் எழுதணும்னு தோணிச்சு. எனக்கு அது முன்னாடியே தெரிஞ்சுதான் இருந்துதுன்னு நினைக்கறேன். தெரியாத மாதிரி இருக்கறதுல எனக்கும் பழக்கம் உண்டு.

அவர் கஷ்டப்படல. முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, "மெஷினுக்கு எண்ணெய் போடு, சத்தம் மாறிடுச்சு"ன்னாராம். அவர் வாயில வந்த கடைசிப் பேச்சு அதுதான். காலையில அவ வெந்நீர் எடுத்துட்டு வந்தப்போ மூச்சு இல்ல. துணியெல்லாம் மாத்தறப்போ தலைகாணிக்குக் கீழே அந்த அட்டை கிடைச்சுது. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவ அதைப் பிரிச்சா, தன் எழுத்தைப் பார்த்தா, தரையில உக்காந்துட்டா. இருபது நாளா அவர் ஏன் திட்டலேன்னு அப்போதான் அவளுக்குப் புரிஞ்சுது.

எல்லாம் முடிஞ்சு நாலாம் நாள் போய் என் வாயால எல்லாத்தையும் சொன்னேன். பென்சில், உன் கடுதாசி, வாளியில போடாதது, அவர் என்கிட்ட சொன்னது, நான் வாசல் வரைக்கும் வந்து திரும்பினது. அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "நான் உங்ககிட்ட சொல்லலையே டீச்சர், கடவுள்கிட்டதானே சொன்னேன்"னா. அவ்வளவுதான் கேட்டா.

பெட்டிச் சாவியை மருந்துக்கடைக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். இந்த மாசம் அதுல ஒரு சீட்டுகூட விழலையாம். நான் வேண்டிக்கறதும் நின்னு போச்சு. கண்ணை மூடினா யாரோ கேட்டுக்கிட்டிருக்கற மாதிரிதான் இருக்கு, ஆனா அது உங்க ஆபீஸ்ல இருந்துன்னு தோணுது. உன்னைத் திரும்ப உள்ளே கொண்டு வரணும்னு அஞ்சு வருஷம் கேட்டேன். இப்போ நானும் வெளியதான் நிக்கறேன்.

படி ஏறாதன்னு அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். வா. ஆனா என் வீட்டுக்கு முன்னாடி அவ வீட்டுக்குப் போ. ராஜினாமாவைக் குடுத்துட்டுப் போனாலும் சரி, குடுக்காமப் போனாலும் சரி, அது உன் பாடு.

கோவத்துலயா போட்டாங்கன்னு கேட்டிருக்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். நேத்து அவகிட்டயே கேட்டேன். அவ ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தா, தலை நிமிரல.

"யார் மேல கோவப்படறது டீச்சர்? நிறைவேறிச்சான்னு கேட்டிருந்தாங்க, ஆமாம்னு போட்டேன். கேட்டவ நான்தானே?"

அக்கா